அந்த மோதலில் கடல் பட்ட பாட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டைனோசர்களின் அழிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'பெரிய சுனாமி எழுந்தது' என்ற ஒற்றை வரியோடு கடலை விட்டுவிட்டார்கள். அது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகோள் பூமியில் மோதியபோது கடலுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் அந்தக் கதை முழுமை அடையாது.

சுனாமி பயங்கரமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த அலையும் சில நாட்களில் ஓய்ந்துவிடும். அப்புறம் வந்ததுதான் உயிர்களைத் தீர்த்துக்கட்டியது. சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்தச் சிறுகோள் விழுந்த இடம் அப்படி. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் அப்போது ஆழமில்லாத கடல். அடியில் சுண்ணாம்புக்கல்லும் கந்தகம் நிறைந்த ஜிப்சம் போன்ற பாறைகளும். கிளம்பிய கந்தகமும் தூசியும் புகைக்கரியும் சேர்ந்து சூரியனை மறைத்தன. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை. கடல்வாழ் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கூடவே அமில மழை. நெதர்லாந்தில் ஒரு குகைக் களிமண்ணில் கிடைத்த நுண்ணிய ஓடுகளின் போரானை ஆராய்ந்தவர்கள், மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு (இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) சுமார் 0.25 இறங்கியதாக 2019இல் வெளியிட்டார்கள். கேட்கச் சின்ன எண். ஆனால் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிட்டன என்று அதற்குப் பொருள். சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும் உயிர்களுக்கு அது பெரிய அடி.

இத்தாலியின் குப்பியோவில், பாறைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் களிமண் படலம் ஒன்று உண்டு. லூயிஸ் ஆல்வாரெஸ், அவர் மகன் வால்டர் ஆகியோரின் குழு, பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் அதில் மிகுந்திருப்பதைக் கண்டு, 1980இல் சிறுகோள் மோதலைக் காரணமாகச் சொன்னது. படலத்துக்குக் கீழே, மோதலுக்கு முன் படிந்த சுண்ணாம்புக்கல்லில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் கடலுயிர்களின் ஓடுகள் கைலென்ஸிலேயே தெரியும். மேலே, மோதலுக்குப் பின் படிந்த கல்லில் மைக்ராஸ்கோப் வைத்துத் தேடினால் பொடிப்பொடியாகச் சில கிடைக்கும், அவ்வளவுதான். மிதந்து வாழ்ந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கே முடிந்துபோயின. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த அவற்றின் உறவுகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. சாவு மேலிருந்து இறங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

சுருள் ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான கடலுயிர்களில் அமோனைட்டுகள் மறைந்ததற்கும் நாட்டிலஸ் இன்றுவரை நீந்துவதற்கும் இதே காரணத்தைத்தான் பலர் சொல்கிறார்கள். அமோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, மேற்பரப்பு மிதவை உயிர்களை நம்பியவை. நாட்டிலஸ் முட்டை பெரியது. குஞ்சு வெளிவரும்போதே ஓரளவு வளர்ந்திருக்கும்.

இன்னொன்று. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தெற்குப் பெருங்கடலில் எல்டானின் என்ற சிறுகோள் விழுந்தது. அங்கே ஆழம் நான்கு கிலோமீட்டருக்கு மேல். கடலடியில் பள்ளம்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை, யுகடான் போன்ற பேரழிவும் நேரவில்லை. அது யுகடானில் விழுந்ததைவிட மிகச் சிறியதுதான். ஆனாலும் எந்த இடத்தில் விழுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இங்கேயும் யோசிக்க வைக்கிறது.

யுகடான் பள்ளத்தில் 2016இல் துளையிட்டு எடுத்த பாறைகள், மோதிய சில ஆண்டுகளிலேயே அங்கே உயிர்கள் திரும்பியதைக் காட்டுகின்றன. 30,000 ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தின் மேல் செழிப்பான கடல் இருந்தது. இதையெல்லாம் வைத்துக் கடலுக்கென்றே ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குப்பியோ படலத்தின் படத்தையும், அதன் கீழும் மேலும் உள்ள ஓடுகளின் மைக்ராஸ்கோப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பள்ளி மாணவர்களுக்கும் சட்டென்று புரியும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்