2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். ‘வந்திருக்கும்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டு கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேர அரை மணி நேரம் காத்திருந்தோம். அதனால்தான் இம்முறை அறிவிப்பிலேயே மதியச் சாப்பாடு உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டேன்.

இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் தாமான் (குடியிருப்பு) திடலில் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம், மோர் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. கால்வாய் துப்புரவுக்குக் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணி இரண்டு முறை நடந்தது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். தீபாவளி விருந்துக்கு எல்லாரும் வந்தீர்கள், விருந்துக்கு மட்டும் பெயர் கேட்க வேண்டியதே இல்லை.

இனி கோலாலம்பூர் நடைப்பயணம். இதைப் பற்றிச் செயலவையிலும் வெளியிலும் பல பேச்சுகள் கிளம்பியதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

“கிள்ளானிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். அதைச் சுற்றிப் பார்க்கச் சங்கம் எதற்கு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயம்தான். நானே இருபத்தாறு வருடம் அந்த ஊரில் எழுத்தர் வேலை பார்த்தவன். காலையும் மாலையும் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலைக் கடந்துதான் போவேன், வருவேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது உறைத்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான். தெரிந்தவர் வந்தால் இரட்டைக் கோபுரத்தைக் காட்டுவோம், அப்புறம் பத்துமலை, அப்புறம் சேலைக் கடை. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த தலைநகரம்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவித்த இரண்டு நாளில் 41 பெயர்கள் சேர்ந்தன. ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் வந்து நின்றவர்கள் என்னையும் சேர்த்து 14 பேர். மீதி 27 பேரில் நால்வர் முன்னாலேயே சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் சாயங்காலம் நான் போட்ட படங்களுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினோம். கொமுட்டர் புறநகர் ரயில் இன்னமும் அங்கே நிற்கிறது என்பதே சிலருக்குச் செய்தி, எல்லாரும் புதிய நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கியே பழகிவிட்டார்கள். 1910ஆம் ஆண்டுக் கட்டடம். குவிமாடமும் வளைவுகளுமாகத் தூரத்தில் பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கும். இதைக் கட்டிய ஹப்பாக் என்ற அதே அரசாங்கக் கட்டடக் கலைஞர்தான் மஸ்ஜித் ஜாமெக்கையும் வரைந்தவர். அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கம் வரை நடந்தோம். 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடி இறங்கி நம் கொடி ஏறிய திடல். எதிரே 1897இல் திறந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு. எங்களோடு வந்த 74 வயது அம்மா ஒருவர் அந்தப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மஸ்ஜித் ஜாமெக்குக்குப் பின்னால் கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்கிற முனைக்கு அவர்களைக் கூட்டிப் போனேன். ‘கோலா’ என்றால் ஆறு கூடும் இடம், ‘லும்பூர்’ என்றால் சேறு. நம் ஊர்ப் பெயரைக் கொண்ட ஆறுதான் இந்தத் தலைநகரத்தையே பெற்றது என்று சொன்னபோது இளைஞர்கள் கைதட்டினார்கள். 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சீனத் தொழிலாளிகளைக் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் அனுப்பினார். இந்த முனையில் இறங்கிக் காட்டுக்குள் அம்பாங் பக்கம் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் போனவர்கள் போக எஞ்சியவர்கள் 18 பேர் என்று வரலாறு சொல்கிறது. 87க்கு 18. நமக்கு 41க்கு 14, அதுவும் மலேரியா இல்லாமலே. விழுக்காட்டில் நாம் கொஞ்சம் தேவலாம்.

பள்ளிவாசல் 1909இல் திறக்கப்பட்டது. 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை நகரத்தின் முதன்மைப் பள்ளிவாசல் இதுதான். செங்கல் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை பட்டையாக ஓடும், சுற்றிலும் தென்னை. வாசலில் பார்வையாளர்களுக்கு அங்கி கொடுக்கிறார்கள். நம் 74 வயது அம்மாவுக்கும் ஒன்றை நீட்டினார்கள். “என் சேலைக்கு என்ன குறை?” என்று நின்றுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பதற்றம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே நல்ல தமிழில், “சேலைக்கு ஒரு குறையும் இல்லம்மா, முந்தானையைத் தலையில போட்டுக்குங்க, போதும்” என்றார். அம்மா போட்டுக்கொண்டார். திரும்பும்போது அந்தப் பெரியவரின் பூர்வீகம், பேரப்பிள்ளைகள், சர்க்கரை அளவு எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு காட்சிக்காகவாவது அந்த 27 பேர் வந்திருக்கலாம்.

லெபோ அம்பாங் தெருவில் வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த வரிசையைப் பார்த்தோம். ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் வளர்ந்த காலத்தில் இந்தத் தெருவில் கடன் வாங்காதவர் குறைவு. அங்கிருந்து மேடான் பாசார், பிறகு கடைவீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின் சே சீ யா என்ற சீனக் கோயில். 1864இல் யாப் ஆ லோய் நிறுவியது, பிற்பாடு கப்பித்தான் என்ற சீனர் தலைவர் பதவியில் இருந்தவர். தெருவுக்கு நேராக நில்லாமல் கோணலாக நிற்கும், சீன வாஸ்துப்படி அமைத்தது என்பார்கள். உள்ளே இருக்கும் முதன்மைத் தெய்வங்கள் இருவரும் யாப் ஆ லோயின் காலத்து மனிதர்கள். “நம்ம மதுரை வீரன் மாதிரி” என்றார் கூட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மேலே சுருள் சுருளாக ஊதுபத்திகள் தொங்க, சாம்பல் அவர் தோளில் விழுந்தது. தட்டிவிடாமல் திருநீறு மாதிரி பூசிக்கொண்டார்.

ஜாலான் துன் எச்.எஸ். லீ என்ற தெருவைப் பற்றித்தான், இந்த நடைப்பயணத்துக்காக அச்சிட்ட கையேட்டில் நான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே தெரு. ஒரு பக்கம் நம் மகா மாரியம்மன், கூப்பிடு தூரத்தில் எதிர்ப்பக்கம் சீனர்களின் குவான் தி கோயில். மாரியம்மன் கோயிலை 1873இல் தொடங்கியவர் அக்காலத் தமிழர் தலைவர் தம்புசாமி பிள்ளை. முதலில் அது அவர்கள் குடும்பக் கோயில், பொதுமக்களுக்குத் திறந்ததெல்லாம் பிற்பாடு. 1885இல்தான் இந்த இடத்துக்கு வந்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே தம்புசாமி பிள்ளை லோக் இயூ என்ற சீனத் தொழிலதிபரோடு கூட்டுச் சேர்ந்து ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894இல் மின்சாரப் பம்பு ஓட்டினார், இந்த நாட்டில் மின்சாரத்தை முதலில் பயன்படுத்தியது அங்கேதான் என்று சொல்லப்படுவது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட வந்த இரண்டு பையன்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா விரல் பார்க்காமலே மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். குவான் தியைக் கும்பிட்டுவிட்டு வந்த சீனப் பாட்டி ஒருவர், கையில் ஊதுபத்தி வாசனையோடு, ஒரு முழம் வாங்கி மாரியம்மனுக்குக் கொண்டு போனார். விலை கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. வாடிக்கை போல.

பெட்டாலிங் ஸ்திரீட் கடைத்தெருவில் ஆயர் மாத்தா கூச்சிங் என்ற பழப்பானம் குடித்தோம். நிமிர்ந்தால் மெர்டேக்கா 118, 678.9 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். அதன் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. அந்தத் தெருவுக்கு மேல் போட்டிருக்கும் பச்சைக் கூரைக்குக் கீழே, கைப்பை வியாபாரிகளுக்கு இடைஞ்சலாக, ஒன்றரை மணி நேரம் நின்றோம். என் சப்பாத்தின் அடி பிளந்துகொண்டது. கடைசியாகப் போக வேண்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அப்படியே விட்டுப்போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு 41 பேருக்கு முன்பதிவு செய்து நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருந்தேன். அந்தப் பணம் திரும்பவில்லை. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவர் 41 இலை வாங்கி வைத்திருந்தார். அந்த நூறு வெள்ளியை நான் சங்கக் கணக்கில் எழுதவில்லை. யாரும் வருத்தப்பட வேண்டாம், சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

சங்கம் செலவழித்தது கையேட்டுக்கு மட்டுமே. 16 பக்கம், 60 பிரதி, 270 வெள்ளி. “பதினாலு பேருக்கு அறுபது புத்தகமா?” என்று கேட்கிறார்கள். அச்சகத்துக்கு நான் போனபோது பட்டியலில் 41 பெயர் இருந்தது, அச்சகத்தார் அறுபதுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு இரண்டு கொடுத்தோம். மீதி 44 பிரதிகள் என் வீட்டு வரவேற்பறையில், என் மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவரும் இதைப் பற்றிச் சில கருத்துகள் வைத்திருக்கிறார்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, வங்கியில் சொல்லும்படியாக ஒரு சிறு தொகை இருக்கிறது. முழு விவரம் பொருளாளரிடம் உண்டு, கேட்பவர்களுக்குக் காட்டுவார். சந்தா நிலவரத்தை மட்டும் நான் சொல்கிறேன். உறுப்பினர் 112 பேர், கட்டியவர்கள் 53 பேர். ஆண்டுக்கு முப்பது வெள்ளி. மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக ஒரு வாரம் பசியாறினால் போய்விடுகிற காசு. மூன்று வருடமாகக் கட்டாதவர்கள் 19 பேர், பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்கலாம்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், சமையலுக்கு நின்ற மகளிர் பிரிவினருக்கும், தணிக்கையாளர்களுக்கும், செயலவையினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். முழங்கால் முன்போல் இல்லை. இளைஞர் யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. கூட்ட அறிவிப்பு, கூட்டக் குறிப்பு, இந்தக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம், அப்புறம் இரவு பதினோரு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகள். அவ்வளவுதான். யாரும் முன்வராத பட்சத்தில் சங்கம் நின்றுபோக நான் விடமாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அப்படி நான் இருக்கும்படி ஆனால், விட்டுப்போன பிரிக்பீல்ட்ஸை மார்ச் மாதம் நடந்து முடிக்கலாம் என்று எண்ணம். 1881 தீ விபத்துக்கும் வெள்ளத்துக்கும் பிறகு நகரத்தைச் செங்கல்லில் கட்டச் சொன்னபோது சூளைகள் இருந்த இடம் அது, பெயரே அதனால் வந்ததுதான். இலங்கைத் தமிழர்களின் கந்தசுவாமி கோயில், சிங்களவர்களின் புத்த விகாரை, 1904ஆம் ஆண்டு விவேகானந்தா ஆசிரமம் எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், காலை ஆறரைக்கே ரயில்.

பெயர்ப் பட்டியல் பின் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. இம்முறை பெயரோடு பத்து வெள்ளியும் வைக்க வேண்டும். வராவிட்டால் திரும்பாது. பக்கத்திலேயே கையேடும் இருக்கும், பிரதி மூன்று வெள்ளி, அடக்க விலையைவிடக் குறைவு. சந்தா ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு வரிசை அந்த மேசையைத் தாண்டித்தான் போகும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்