லீவுக்கு மால் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, லீவுக்கு பசங்கள எங்க கூட்டிட்டுப் போலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. பன்னேர்கட்டா, லால்பாக், அப்புறம் மூணு மால். எல்லாம் சரி, ஆனா நம்ம பெங்களூர் கப்பன் பார்க் ஓரமா கஸ்தூர்பா ரோட்டுல செவப்பு பில்டிங்ல இருக்கே கவர்மென்ட் மியூசியம், அத ஏன் விட்டீங்க? 1865ல ஆரம்பிச்சது, நம்ம எக்மோர் மியூசியத்துக்கு பிள்ளையார் சுழி போட்ட அதே வெள்ளக்கார டாக்டர் பால்ஃபர் தொரதான் இதுக்கும்.

உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல, நானே அல்சூர்ல முப்பது வருஷமா இருந்துட்டு உள்ள போனதில்ல, சில வருஷம் முன்னாடி மழைக்கு ஒதுங்கத்தான் பேரனோட நுழைஞ்சேன். பையன் எந்த சிலைகிட்டயும் நிக்கல, ஒரு கல்லுகிட்ட மட்டும் அப்படியே நின்னுட்டான். நாயும் காட்டுப்பன்னியும் மோதுற மாதிரி செதுக்கி, கூடவே பழைய கன்னட எழுத்து. மண்டியா பக்கம் ஆதகூர்ல கெடச்ச கல்லாம். எங்க தெருவுல இருக்குற ரிட்டயர்டு கன்னட வாத்தியார்கிட்ட கேட்டா, அவர் சொன்ன கதைல எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

நாம மெட்ராஸ் போறப்ப ட்ரெயின்ல அரக்கோணம் தாண்டுறோம்ல, அது பக்கத்துல தக்கோலம். அங்க 949ல நடந்த சண்டைலதான் பராந்தக சோழன் மகன் ராஜாதித்தன் யானை மேலயே செத்துப்போனான், ஆனைமேல் துஞ்சின தேவர்னு சொல்றது அவரத்தான். ஜெயிச்சது தக்காணத்த ஆண்ட ராஷ்டிரகூடர், அவங்க பக்கம் நின்னவன் இந்த மைசூர்ப் பக்கத்த ஆண்ட கங்க ராஜா பூதுகன், அவன்கிட்ட மணலேரன்னு ஒரு வீரன் இருந்தான். சண்டைல காட்டின வீரத்துக்கு என்ன வேணும் கேளுன்னா, ஊரு கேக்கல, பொன்னு கேக்கல, காளிங்கிற வேட்டை நாயக் குடுங்கன்னு கேட்டு வாங்கிருக்கான் மனுஷன்! அப்புறம் அந்தக் காளி ஒரு பெரிய பன்னியோட மோதி ரெண்டும் செத்துப்போக, அதுக்குத்தான் இந்தக் கல்லு. அதாவது நம்மாளு தோத்த கதை, ஜெயிச்சவன் ஊர்ல, ஒரு நாயோட நடுகல்லுல இருக்கு.

கல்லுக்குன்னு நெலமும் விட்டிருக்காங்க, பூஜ பண்ணாம பூசாரி சாப்புட்டா நாயோட பாவம் அவரச் சேருமாம். இதச் சொன்னதும் பேரன் கேட்டான், "அப்ப இப்ப யாரு தாத்தா பூஜ பண்றா?"

அடுத்த தடவ லிஸ்ட் போட்டா இதையும் சேத்துருங்க சார். ரிப்பேர் வேலைன்னு மூடிருந்தாலும் மூடிருக்கும், தொறந்திருக்கான்னு ஒரு வார்த்த விசாரிச்சுட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு