வைரஸ் காவலுக்குக் காசு கட்டாதே, பிள்ளை

திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மாரி தொடங்கிவிட்டது, முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பு முறிந்து விழுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை.

நீ போனில் சொன்ன அன்டிவைரஸ் கதைக்கு வருகிறேன். போனில் மறுத்தால் "சரியம்மா, சரியம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வாங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வருஷா வருஷம் காசு கட்டுகிற அந்தச் சாமான் நம் வீட்டுக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு வேறு ஒன்று கேட்கப் போகிறேன், அது கடைசியில்.

நான் தமிழ் படிப்பித்தவள், கொம்பியூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் இந்த வீட்டில் அந்தப் பெட்டியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான்தான். பென்சன் வேலை, பாங்க் வேலை, கோயில் சபைக் கணக்கு, ஒழுங்கைப் பிள்ளைகளின் பிரிண்ட் எல்லாம் அதில்தான் நடக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் என்ற காவல் கூடவே வருகிறது. அதற்குத் தனியாகக் காசு இல்லை. திரையின் வலது மூலையில் சின்னக் கேடயப் படம் இருக்கும். அதில் பச்சைச் சரி அடையாளம் இருந்தால் நான் என் சோலியைப் பார்ப்பேன். மஞ்சளோ சிவப்போ வந்தால் திறந்து என்ன கேட்கிறது என்று வாசிப்பேன். அவ்வளவுதான். அப்பாவின் மடிக்கணினியோடு வேறொரு கம்பனியின் அன்டிவைரஸ் சில மாதம் இலவசம் என்று வந்திருந்தது. தவணை முடிந்ததும் "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள், காசு கட்டுங்கள்" என்று நாள் முழுக்க அவரை வெருட்டியது. அதைக் கழற்றி எறிந்ததும் டிஃபெண்டர் தானாகவே வேலைக்கு வந்துவிட்டது. இரண்டு காவலை ஒரே நேரத்தில் ஓடவிடவும் கூடாது. ஒன்றை ஒன்று சந்தேகித்து மெஷினைத்தான் மந்தமாக்கும்.

டிஃபெண்டரை விடப் பெரிய காவல் அப்டேட். நீ இருக்கிற இங்கிலாந்தில் 2017 மே மாதம் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்துப் போனது நினைவிருக்குத்தானே? வனாக்ரை என்ற அந்த வைரஸ் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். அதனால் "ரீஸ்டார்ட் பண்ணவா?" என்று கேட்டால் நான் தள்ளிப்போடுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, இடி மின்னல். அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் வில்லங்கம். மழை இருட்டினால் மெஷினை நிறுத்தி, பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வைத்துவிடுவேன். டேட்டா மிச்சம் பிடிக்க என்று அப்பா ஒரு முறை மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதைப் போட்டுவிட்டிருந்தார். அது இருந்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. எடுத்துவிட்டேன்.

இனி பென் டிரைவ். திருகோணமலையில் வைரஸ் பஸ் ஏறி வருவது இதில்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கோணேசபுரி கம்பஸில் படிக்கிறாள், உனக்குத் தெரியும். புரொஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தாள். அவளுடைய பென் டிரைவ் கம்பஸ் லாப், டவுனில் போட்டோக்கொப்பி கடை, சிநேகிதியின் மடிக்கணினி எல்லாம் சுற்றி வந்தது. போட்டுத் திறந்தால் ஃபோல்டர்கள் வழக்கம்போலத்தான் தெரிந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. பக்கத்தில் அளவைப் பார்த்தால் எல்லாம் 1 கேபி, 2 கேபி. இருநூறு படம் உள்ள ஃபோல்டர் எப்படி 1 கேபி ஆகும்? வகை என்ற இடத்தில் ஷோர்ட்கட், அதாவது வேறொன்றைத் திறக்கிற குறுக்குவழி, என்று போட்டிருந்தது. அந்த வைரஸின் வித்தை இதுதான்: உண்மையான ஃபோல்டரை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். அமத்தினால் ஃபோல்டரும் திறக்கும், அதனால் நமக்குச் சந்தேகம் வராது. பின்னால் வைரஸும் ஓடத் தொடங்கும். அடுத்து அந்த மெஷினில் போடுகிற பென் டிரைவுக்கும் தொற்றும்.

நான் எதையும் அமத்தவில்லை. பென் டிரைவின் பெயர் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் பண்ணக் கொடுத்தேன். பிடித்துத் துடைத்துவிட்டது. துடைத்ததும் டிரைவ் காலியாகத் தெரிய, பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. காலி இல்லை, கோப்புகள் ஒளிந்திருக்கின்றன. அவளுடைய கம்பஸ் தம்பி ஒருவன் போனில் சொல்லச் சொல்ல, கறுப்புத் திரையில் அட்ரிப் என்று தொடங்குகிற ஒரு வரியை அடித்தோம். எல்லாம் திரும்ப வந்தன. அந்த வரியை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஒழுங்கைக்கே சட்டம்: பிரிண்ட் வேண்டுமானால் பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பு, பென் டிரைவோடு படலை திறக்காதே.

இது புதுக் கதையும் இல்லை. 1986இல் பிரெய்ன் என்று ஒரு வைரஸ், லாகூரில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. ஃப்ளொப்பியில் ஏறி உலகம் சுற்றியது. தங்கள் மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களுக்காகச் செய்தோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி விட்டிருந்தார்கள். கள்ளனுக்கும் ஒரு காலத்தில் மரியாதை இருந்திருக்கிறது!

மெயிலில் வருகிற இணைப்புக்கு நான் பார்க்கிறது கோப்பின் வால், பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்துகள். 2000 மே மாதம் "ஐ லவ் யூ" என்று உலகம் முழுக்கப் போன வைரஸ், பார்வைக்குக் காதல் கடிதம். பெயரில் வெறும் எழுத்துக் கோப்பு என்று காட்டுகிற டிஎக்ஸ்டி இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால், திறந்தால் ஓடுகிற நிரலின் வால். விண்டோஸ் கடைசி வாலை மறைத்துக் காட்டும், அதனால் முன்னால் உள்ளதை நம்பி எத்தனையோ பேர் திறந்தார்கள். இன்றைக்கும் விண்டோஸ் அப்படித்தான் மறைக்கிறது. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ என்ற இடத்தில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தெரிவு செய்து வைத்திருக்கிறேன். பில் என்று வந்த கோப்பின் கடைசி வால் இஎக்ஸ்இ என்றால் அது பில் இல்லை, ஓடுகிற நிரல். வேர்ட், எக்ஸெல் கோப்பைத் திறந்ததும் "எனேபிள் கொன்டென்ட்" என்று மஞ்சள் பட்டை கெஞ்சினாலும் அமத்துவதில்லை. அனுப்பியவர் தெரிந்தவரா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை, தெரிந்தவரின் மெயிலையே பிடித்துக்கொண்டு அனுப்புகிறார்கள்.

கள்ள மென்பொருள் விஷயத்தில் உன் தம்பியோடு எனக்குச் சண்டையே வந்தது. கடையில் ஒரு பெடியன் ஒஃபிஸைக் கிராக் பண்ணித் தருகிறானாம், ஆயிரம் ரூபாயாம். அதைப் போட முதலில் டிஃபெண்டரை நிறுத்தச் சொல்கிறான். காவலை அனுப்பிவிட்டு வா என்று கேட்கிறவனை எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? ஒஃபிஸுக்குப் பதிலாக லிப்ரெஒஃபிஸ் என்ற மென்பொருளை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிப் போட்டேன். தமிழ் யூனிகோட் நன்றாக வருகிறது, சபைக் கணக்கும் அதில்தான். தம்பி இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான், அது அவன் பாடு.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பழைய பாட்டுத் தேடி எந்தெந்தப் பக்கத்துக்கோ போவார். ஒரு நாள் திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த மைக்ரோசொஃப்ட் நம்பருக்கு அழையுங்கள்." மனிதர் போனைக் கையில் எடுத்துவிட்டார். மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. அது வெறும் வலைப்பக்கம், வைரஸ் கூட இல்லை. ஓல்ட் எஃப் 4 அமத்தி மூடினேன். மூடாமல் அடம்பிடித்தால் பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்தலாம். திரும்பத் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த நம்பருக்கு எடுத்திருந்தால், தூரத்தில் இருந்தே மெஷினை இயக்க விடுகிற எனிடெஸ்க்கைப் போடச் சொல்லி, மெஷினையே தங்கள் கையில் எடுத்து, பாங்க் பக்கத்தைத் திறக்க வைத்திருப்பார்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். நீ லண்டனில் இருந்து எங்கள் மெஷினைத் திருத்த அதைத்தானே பாவிக்கிறாய். ஆனால் முன்பின் தெரியாதவன் போனில் சொல்லிப் போடக் கூடாது.

அன்றோடு அப்பாவுக்குத் தனிக் கணக்குத் திறந்துவிட்டேன், ஸ்டாண்டர்ட் என்கிற வகை. அதில் பாட்டுக் கேட்கலாம், பேப்பர் வாசிக்கலாம். புதிதாக எதையும் போட வேண்டுமானால் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் கேட்கும். அது என்னிடம். நானும் நாளாந்த வேலைக்கு அப்படியான கணக்குத்தான் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அப்பாவின் முறைப்பாடு தாங்க முடியாது. பாஸ்வேர்ட்களைக் கொப்பியில் எழுதி சாமி அறை அலுமாரியில் வைத்திருக்கிறேன். நீ சிரிப்பாய், சிரி. எங்கோ இருந்து களவெடுக்கிறவன் உவர்மலைக்கு வந்து அலுமாரி திறக்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதை விட இது எவ்வளவோ மேல். மெயிலுக்கும் பாங்குக்கும் போனில் குறியீடு வருகிற இரண்டாம் பூட்டும் போட்டாயிற்று.

"எங்களிடம் களவெடுக்க என்ன இருக்கிறது?" என்று அப்பா கேட்கிறார். இருக்கிறது, நீ இருக்கிறாய். என் மெயிலையோ வாட்ஸ்அப்பையோ பிடித்தால் முதல் வேலையாக வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்குத்தான் எழுதுவார்கள்: "அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், அவசரமாகக் காசு அனுப்பு." நீ பதறி அனுப்பிவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். அப்படி ஏதும் வந்தால் போன் எடுத்து, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த அந்தக் கேள்வியைக் கேள். குரலைக் கேட்டு மட்டும் நம்பாதே, இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். கேள்வியை இங்கே எழுத மாட்டேன். பெரிய மாமாவின் சைக்கிளைப் பற்றியது என்றால் உனக்கு விளங்கும். டொரொண்டோ சித்திக்கும் சொல்லி வை. இங்கே ஏதும் நடந்தால், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை செர்ட் என்ற அமைப்புக்கு 101 என்ற நம்பரில் அறிவிக்கலாம், அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

இனி நான் கேட்கிற சாமான். அம்மம்மாவின் படங்கள், உன் கலியாண வீடியோ, நான் வருஷக் கணக்காக டைப் பண்ணிய வினாத்தாள்கள் எல்லாம் அந்த ஒரே மெஷினில் கிடக்கின்றன. கூகுளில் 15 ஜிபி இலவசம். அதில் படங்கள் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன், வீடியோவுக்கு அது காணாது. கோப்பைப் பூட்டிக் காசு கேட்கிற வைரஸ் வந்தால் எந்த அன்டிவைரஸும் பூட்டியதைத் திறந்து தரும் என்று நம்பியிருக்க முடியாது. வேறிடத்தில் பிரதி இருந்தால் மெஷினைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஆகவே அந்த அன்டிவைரஸ் காசுக்கு 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கு. மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைப்பேன். கழற்றாமல் செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இன்னொரு விஷயத்துக்கு உன் யோசனை வேண்டும். மேசைக் கொம்பியூட்டர் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. பதிந்துகொண்டவர்களுக்கு மேலதிகமாக 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள், நான் பதிந்துவிட்டேன். விண்டோஸ் 11 போடலாமா என்று பரிசோதித்தால் மெஷின் பழசு, ஏற்காது என்கிறது. புதிது வாங்குவதா, அல்லது விண்டோஸுக்குப் பதிலாக உன் அத்தானுக்குத் தெரிந்த லினக்ஸைப் போட்டு ஓட்டுவதா? லினக்ஸ் என்றால் என் பிரிண்டர் வேலை செய்யுமா, தமிழ் டைப் பண்ணலாமா என்று அவரிடம் கேட்டு எழுது. மெஷின் ஓடுகிறதுதானே, அப்படியே பாவியம்மா என்று மட்டும் சொல்லாதே. பாங்க் வேலை அதில் நடக்கிறது.

டிஸ்க்கைப் பார்சலில் அனுப்பாதே, வரும்போது கைப்பையில் கொண்டு வா. பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா