பக்கத்து சீட்டில் ஆள் இல்லாத லாரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைகளில் வேலை இழந்த நடுத்தர வயதினர் பலர் லாரி ஓட்ட வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஓட்டுநர்களுக்குத் தட்டுப்பாடு உள்ள காலத்தில் இது இரு தரப்புக்கும் நன்மையே என்று அதில் எழுதியிருந்தீர்கள். அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அக்கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஓசூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 21 ஆண்டுகள் லேத் ஓட்டினேன். நான் இருந்த பிரிவை மூடியபோது எனக்கு வயது 44. கைக்கு வந்த தொகை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடனுக்குமே சரியாக இருந்தது. வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் காவலாளி வேலையைத்தான் காட்டினார்கள். கார் ஓட்டும் உரிமம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தது. அந்த உரிமம் ஓராண்டாவது கையில் இருந்தால்தான் லாரி போன்ற வாகனங்களுக்குப் பழகுநர் உரிமமே தருவார்கள் என்பதால், எனக்கு அந்தத் தடை இல்லை. படிப்பு ஒரு தடையாக இருந்த காலமும் உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற அந்த விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். ஆக, காவேரிப்பட்டணத்துக்காரனாகிய நான் சில மாதங்களில் கனரக வாகன ஓட்டுநர் ஆனேன்.

எப்படி ஆனேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பயிற்சிப் பள்ளியின் பழைய லாரியில் ஒரு நாளும் ஒரு மூட்டைகூட ஏற்றியதில்லை. காலி வண்டியைச் சமதரையில் முன்னும் பின்னும் ஓட்டினேன். தேர்வும் அப்படியே முடிந்தது. மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு வெள்ளெழுத்து வந்திருந்தது. இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் விழுந்தால், சாலை மறுபடி தெரிய இருபது வயதுப் பையனைவிட எனக்குக் கூடுதல் நேரம் ஆகும். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை வேண்டுமே!

என் முதல் லோடு ஓசூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போன இரும்புத் தகடு. பத்துச் சக்கர வண்டி. சரக்கோடு சேர்த்து 28 டன். நல்லவேளையாக, அந்த வண்டியின் பழைய ஓட்டுநர் என்னோடு ஒரு நடை மட்டும் வர ஒப்புக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். தருமபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியும் கடந்து, தொப்பூர் கட்டமேடு என்னும் மலைச்சாலையின் தலைக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிப்போய்ச் சக்கரம் சக்கரமாகக் கையை அருகில் வைத்துச் சூடு பார்த்தார். ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "அண்ணா, இந்த மேட்டை எந்த கியர்ல ஏறுவீங்களோ, அதே கியர்லதான் எறங்கணும். பிரேக்கை மிதிச்சபடியே வராதீங்க. மிதிங்க, விடுங்க. பிரேக் ஏர் காட்டுற முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

மூன்றாவது கியரில் இறங்கினேன். எஞ்சின் உறுமியது; பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரியிலிருந்து பிரேக் லைனிங் வெந்த வாடை கேபினுக்குள் அடித்தது. "நியூட்ரல்ல போறான்" என்றார் அவர். அந்த வண்டிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் உள்ள இரட்டைப் பாலம் அருகே மோதி நொறுங்கிய வண்டிகளைத் தங்கள் நாளிதழிலேயே எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

இயந்திரத்தோடு பழகியவன் என்ற முறையில், இங்கே சற்று நின்று ஒன்றை விளக்க வேண்டியுள்ளது. கியரில் இருக்கும் வரை எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தபடியே இருக்கும். நியூட்ரலில் போட்டால் அந்தப் பிடி விட்டுப்போய், மொத்தப் பாரமும் பிரேக் டிரம்மின் மேல் விழும். டிரம் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் ஓடாது, மிதிக்க மிதிக்க டேங்கில் இருக்கும் காற்றும் குறைந்துகொண்டே வரும். டீசல் மிச்சமாகிறது என்பது இதற்கு அவர்கள் சொல்லும் காரணம். இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் இறக்கத்தில் டீசல் போவது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் கொஞ்சம் எரியும். பழைய வண்டிக் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றும் முதலாளிகள் மைலேஜ் கேட்கிறார்கள், ஓட்டுநர்களும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதை எனக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் கற்றுத்தந்தார்.

அந்தப் பக்கத்து சீட்டுதான் இப்போது காலியாகிவிட்டது. முன்பு ஒரு பையன் கிளீனராக ஏறி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தார்ப்பாய் கட்டி, ஸ்டெப்னி மாற்றி, ஓட்டுநர் தூங்காமலிருக்கப் பேச்சுக் கொடுத்து, சில ஆண்டுகள் கழித்தே ஸ்டியரிங்கைத் தொடுவான். அதில் அடியும் உதையும் சுரண்டலும் இருந்தன. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழில் கற்ற இடம் அதுதான். இன்று பையன்கள் வருவதில்லை. லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்க வீட்டுக்கு வீடு யோசிக்கிறார்கள் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. (எனக்கு அந்தக் கவலை இல்லை, கல்யாணமாகி இருபது ஆண்டுகள் கழித்துத்தான் லாரிக்கு வந்தேன்.) முதலாளிகளும் ஒரு ஆளுக்கான பேட்டாவை (பயணப்படியை) மிச்சம் பிடிக்கிறார்கள். நாடு முழுதும் ஓட அனுமதி பெற்ற நேஷனல் பர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சாலையில் அதை எத்தனை பேர் மதித்தார்களோ, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விதியும் போய்விட்டது. எனவே, நாற்பது வயதுக்கு மேல் தொழிலுக்கு வருகிறவர், கற்றுக்கொள்ள ஒருவரும் இல்லாமல், முதல் நாளிலேயே தனி ஆளாக 28 டன்னை ஓட்டிப் போகிறார்.

தனி ஆளாகப் போகும்போது நேரமும் எதிரியாகிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டிரம்களை ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் போகிறோம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது, சரக்கோடு கொண்டுபோகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லின் கணக்கு; அதன்படி 11 நாட்கள் ஆகலாம். ஆனால் புக்கிங் ஆபீசில் ஐந்தாம் நாள் இறக்க வேண்டும் என்பார்கள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூரத்துக்கு அனுமதி பெற்றாலும் 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அச்சட்டம் எட்டவில்லை. நான் ஓட்டும் வண்டியின் முதலாளிக்கு இரண்டே வண்டிகள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் புது லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருப்பது வரவேற்கத்தக்கது, நாக்பூர் வெயிலில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தூக்கத்துக்கு அது மாற்றாகாது.

அரசுக்கு இதில் அக்கறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனத்துக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி உண்டு. அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. என் கோரிக்கை இதற்கு மேல் ஒரு படி. பாரம் ஏற்றிய வண்டியில், ஒரு மலை இறக்கத்தில், ஒரு முழு இரவில் ஓட்டிக்காட்டாத எவருக்கும் நெடுந்தூரம் தனியே போக அனுமதி தரக்கூடாது. அதற்கு முன் ஆறு மாதமாவது அனுபவமுள்ள ஓட்டுநரோடு இரண்டாவது ஆளாகப் போயிருக்க வேண்டும். அந்த ஆறு மாதப் பேட்டாவில் ஒரு பங்கை அரசோ காப்பீட்டு நிறுவனங்களோ ஏற்றால், சிறு முதலாளிகளும் மறுக்க மாட்டார்கள். தொப்பூர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கும்போது, இதைத் தொடங்க வேறு ஊர் தேட வேண்டியதில்லை. கண் பரிசோதனையையும் அரசு மருத்துவமனையில் இரவு வெளிச்சக் கூச்சத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை உரிமம் புதுப்பிக்கும்போதும் அப்படியே.

இப்போது என்னோடு பாலக்கோட்டைச் சேர்ந்த ஒருவர் வருகிறார். 42 வயது, நூற்பாலையில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர். இரண்டாவது ஆளுக்குப் பேட்டா கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டதால், என்னுடையதில் பாதியைக் கொடுக்கிறேன். என் வீட்டில் இதற்குத் தினமும் சண்டை. சமதரையில் நன்றாக ஓட்டுகிறார். தொப்பூரில் இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், இன்னும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. வரும் திங்கட்கிழமை முதல் அவருக்குத் தனி வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லோடு சேலம் வழியாக மதுரைக்கு.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.