விடிகாலை வகுப்பும் பிள்ளைகளின் தூக்கமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காலை ஆறு மணிக்கே பள்ளியில் சிறப்பு வகுப்பு. நாலரைக்கு எழுப்பிவிடுகிறோம். இரவு வீட்டுப்பாடம் முடியப் பதினொன்று ஆகிவிடும். போன வாரம் பிட்ட இட்லி கையில் இருக்க, அப்படியே தூங்கி விழுந்தாள், சீருடையெல்லாம் சாம்பார்.

13 முதல் 18 வயதுவரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இவளுக்குக் கிடைப்பது ஐந்தரை. பகலில் படித்ததை மூளை நன்றாகப் பதித்துக்கொள்வதே தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில். தூக்கம் கெட்டால் எரிச்சலும் அழுகையும் சேர்ந்துகொள்ளும்; வீட்டில் அதையும் பார்க்கிறோம். அப்புறம், இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். 'சீக்கிரம் படு' என்று அதட்டினால் வந்துவிடாது. (அதட்டியும் பார்த்தேன்.)

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. விடிகாலை வகுப்பை மாலைக்கு மாற்றட்டும். மாலையில் முடியாதா, சரி, சனிக்கிழமை வைக்கட்டும். கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

- ஒரு தாய், ஈரோடு