பழைய வள்ளம் வாங்குமுன்

குளச்சல்

அன்புள்ள மக்கா,

முட்டத்தில் பழைய பைபர் வள்ளம் ஒன்றுக்கு விலை பேசுகிறாய் என்று அறிந்து சந்தோசம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பெயின்ட் புதுசு என்று எழுதியிருந்தாய். எஞ்சினை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் புதுசாக இருப்பதுதான் எனக்குக் கவலை, கீறலை மறைக்க அடித்ததாகவும் இருக்கலாம். பின்பலகையைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

எஞ்சின் தொங்கும் அந்தப் பலகை வெளியே பைபர், உள்ளே பிளைவுட். போல்ட் துளை வழியாகவும் தண்ணீர் வடியும் அடித்துளை வழியாகவும் ஈரம் இறங்கும். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் இற்றுப்போகும். ஆனி, ஆடியில் மூடாமல் கரையில் கிடந்த வள்ளமா என்று கேட்டு வை.

எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார். பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, பக்கச் சுவரைச் சேரும் மூலையில் கீறல் வாய் திறந்தாலோ உள்மரம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் சுத்தியல் பிடியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. கணீரென்று கேட்கவேண்டும்; தொப்பென்று கேட்கும் இடத்தைச் சாக்பீசால் வட்டமிடு. சொந்தக்காரர் சம்மதித்தால் அங்கே உள்பக்கத்திலிருந்து 4 மி.மீ. டிரில் போடலாம், மறுபக்கப் பைபரைத் தொடாமல். தூள் வெளுத்து உலர்ந்து வந்தால் நல்ல மரம். கறுத்து ஈரமாக வந்தால் உள்பக்கப் பைபரை அறுத்து, இற்றதை முழுக்க எடுத்து, ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை எபாக்சிப் பசையில் ஒட்டவேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேள். பார்த்த துளையையும் எபாக்சியால் அடைத்துவிடு.

அடுத்தது ஏரா, அதாவது வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமுதுகு. மணலில் இழுத்து இழுத்து மேல்பூச்சு தேய்ந்து, வெள்ளை நார் தெரிந்தால் அந்த நார் வழியே தண்ணீர் உள்ளே ஊறும். முட்டத்தில் பாறை அதிகம் என்பதால் அணியத்தின் (முன்முனையின்) அடியைக் கையால் தடவிப் பார். புட்டிப் பசை பூசி அடைத்த இடம் மேடு பள்ளமாகத் தட்டுப்படும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரியும் கீறல், எதிலோ இடித்தது; உள்ளே பார்த்து நார் முறியாமல் இருந்தால் சரிசெய்துவிடலாம். உள்சட்டம் போகிற கோட்டிலேயே வரிசையாகக் கீறல் விட்டிருந்தால் அடி வளைந்து கொடுக்கிறது, சட்டம் பைபரைவிட்டுப் பிரிந்திருக்கும். அந்த வள்ளம் வேண்டாம்.

மிதவைக்காக அடைத்த பெட்டிகளுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு (போம்) தண்ணீர் குடித்திருந்தால் வள்ளம் கனக்கும். வழக்கமாகத் தள்ளுகிறவர்களிடமே கேள், முன்னைவிட ஆள் கூடுதலாக வேண்டியிருக்கிறதா என்று.

கடைசியாக, பழைய டயர்கள்மேல் ஏற்றி உள்ளே நாலு அங்குலம் தண்ணீர் விட்டு ஓர் இரவு வை. காலையில் வெளியே எங்கே சொட்டுகிறதோ அங்கே ஓட்டை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் வள்ளத்தில் எழுதியதும் ஒன்றுதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடு.

என்றைக்குப் பார்க்கப் போகிறாய் என்று எழுது. டிரில்லும் எபாக்சியும் நான் கொண்டு வருகிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி