ஸ்டார்ட்டிங் காயில் ஏன் மெல்லிசு?

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

நாலாவது செமஸ்டரில் ரெண்டு அரியர் என்றதும் அன்று சத்தம் போட்டுவிட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. அதில் ஒன்று எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஏழாவது படிக்கும்போது, நம் வைண்டிங் கடைக்கு எரிந்து வந்த மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை ஒவ்வொரு சுற்றாக எண்ணி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தவன் நீ. "ரன்னிங் காயில் தடிமனா இருக்கு, ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் ஏன்பா மெல்லிசு?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். வேலை அவசரத்தில், "அப்படித்தான் கட்டணும், போ" என்றேன். நீ விடவில்லை. மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளே சுவிட்ச் டக்கென்று விலகிவிடுகிறது, சில நொடிதான் அந்தக் காயிலுக்கு வேலை என்று ரெண்டு நாள் கழித்து நீயே கண்டுபிடித்துச் சொன்னாய்.

போன மாதம் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அது ரெண்டு மார்க் கேள்விப்பா, மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாய்.

அக்கா தன் பி.எட். பாடத்திலிருந்து ஒன்று சொன்னாள். அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்பவர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற புதிரைக் கொடுத்துப் பார்த்து, 1971-இல் அதை எழுதினாராம். ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்ய வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மட்டும் முடிக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். அப்புறம் காசை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் புதிரைத் தொட்டார்கள். காசே வாங்காத கூட்டத்தில் அப்படிக் குறையவில்லை.

எட்டுப் புள்ளிக்கு மேல் எடுத்தால் பைக் என்று சொன்னது நான். முதல் செமஸ்டரில் 8.3 எடுத்தாய், வாங்கித் தந்தேன். அடுத்தது 7.4, அப்புறம் 6.9, இப்போது அரியர். எல்லாவற்றையும் பைக் தலையில் போட மாட்டேன். நீயும் பல நாள் வகுப்புக்குப் போகவில்லை. அரியர் நிலுவையில் இருந்தால் பல கம்பெனிகள் இன்டர்வியூவில் உட்காரவே விடுவதில்லை. அதனால், பிடிக்கிறதோ இல்லையோ, நவம்பரில் அந்த ரெண்டையும் எழுதி முடித்துவிடு.

காசுக்குப் பதிலாக, நன்றாகச் செய்தாய் என்று வாயால் சொன்னபோது ஆர்வம் குறையவில்லை என்றும் டெசி எழுதியிருக்கிறாராம். அந்த வார்த்தையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீ முதன்முதலில் தனியாகக் கட்டிய மோட்டார் பால்காரர் வீட்டுக் கிணற்றில் இன்றைக்கும் ஓடுகிறது. நன்றாகக் கட்டியிருந்தாய், தம்பி.

இனி மார்க்குக்குப் பரிசு என்ற பேச்சே நம் வீட்டில் கிடையாது. தீபாவளிக்கு வரும்போது மெஷின்ஸ் புத்தகத்தையும் எடுத்து வா. ஸ்கிராப்பில் ஒரு த்ரீ பேஸ் மோட்டார் வாங்கி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு ஸ்டார்ட்டிங் காயிலே கிடையாது. அது எப்படித் தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கை பழக்கத்தில் கட்டிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா